படகில் டீசல் ஹீட்டர்: முதலில் புகைக்குழாயின் வழியைப் பாருங்கள்

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் அனகார்ட்டஸ் துறையில் கட்டி நிறுத்தியிருக்கும் 30 அடி பாய்மரப் படகு. எண்பதுகளில் கட்டிய ஃபைபர் கிளாஸ் உடல், சின்ன டீசல் என்ஜின், 12 வோல்ட் பேட்டரி. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வாரக்கடைசிகளில் சான் வான் தீவுகளுக்குப் போய் நங்கூரம் போட்டுத் தூங்க வேண்டும். என்ன ஹீட்டர், எத்தனை கிலோவாட், சீனத் தயாரிப்பு வாங்கலாமா, நானே பொருத்தலாமா என்று நான்கு கேள்விகள்.

நானே பொருத்தலாமா என்பதற்கு, பொறுமை இருந்தால் தாராளமாகப் பொருத்தலாம். எந்த ஹீட்டர் என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை. பெட்டிக்குள் நடப்பதைத் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்கிறார். ஆளைக் கொல்வதும், படகைக் கொளுத்துவதும், நடு இரவில் அணைந்துபோய் எரிச்சலூட்டுவதும் பெட்டிக்கு வெளியே இருப்பவைதான்: புகைக்குழாய், எரிபொருள் குழாய், ஒயர், காற்று போகும் டக்ட். ஹீட்டரில் காசை மிச்சம் பிடியுங்கள், பரவாயில்லை. அதைச் சுற்றி இருப்பவற்றில் மட்டும் பிடிக்காதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரீனாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், கரண்ட் இணைப்பில் இருக்கும்போது டீசலை எரிக்கத் தேவையே இல்லை. 1500 வாட் மின் ஹீட்டர் ஒன்று பெரும்பாலும் போதும். 120 வோல்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும். பழைய 30 ஆம்பியர் பிளக் கருகியிருக்கிறதா என்று மட்டும் தொட்டும் பார்த்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். டீசல் ஹீட்டர் நங்கூரத்தில் இருக்கும் இரவுகளுக்கானது. அந்த இரவுகளில் உங்கள் படகின் அடிப்பாகம் எட்டு ஒன்பது டிகிரி தண்ணீரில் மூழ்கியிருக்கும். அந்தக் கடல் கோடையிலும் பெரிதாகச் சூடாவதில்லை. வெளியே மழை, உள்ளே இரண்டு பேர் மூச்சு, அடுப்பில் சோறு. விடிந்தால் மெத்தைக்கு அடியில் ஈரம்.

இந்த ஈரத்தால்தான் கேஸ் ஹீட்டர் வேண்டாம் என்கிறேன். புகைபோக்கி இல்லாத சின்ன புரொப்பேன் ஹீட்டரைக் கேபினுக்குள் வைத்து எரித்தால், ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாகி உள்ளேயே சேரும். சூடும் இருக்கும், சுவரெல்லாம் வியர்க்கவும் செய்யும். பிராணவாயு குறைவது தனிக் கதை. டீசல் ஹீட்டரில் எரியும் காற்று வேறு, நாம் மூச்சு விடும் காற்று வேறு. எரிந்த வாயு குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. நமக்கு வருவது உலோகச் சுவரைத் தொட்டுச் சூடான காற்று மட்டுமே.

வகைகளில் மூன்று உண்டு. முதலாவது சொட்டுச்சொட்டாக டீசல் விழுந்து எரியும் அடுப்பு வகை. கனடாவின் டிக்கின்சன், டென்மார்க்கின் ரெஃப்ளெக்ஸ் எல்லாம் இந்த ரகம். மின்சாரம் கிட்டத்தட்டத் தேவையில்லை, சத்தமில்லை, கண்ணாடி வழியாகத் தீயைப் பார்க்கலாம். எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் இது நேராக நிற்கும் நீளமான புகைபோக்கியின் இழுவையை நம்பி வாழ்வது. எரிபொருளை அளந்து விடும் மிதவை படகு சாய்ந்தால் குழம்பும். 30 அடிப் படகில் ஒரு இருக்கையின் இடத்தையும் தின்றுவிடும். படகிலேயே வருடம் முழுவதும் வாழ்பவர்கள் யோசிக்கலாம். இரண்டாவது தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் வகை. 40 அடிக்கு மேல் போனால் பார்க்கலாம், உங்களுக்கு அது தேவையற்ற குழாய் வேலை. மூன்றாவது சூடான காற்றை ஊதும் வகை. உங்களுக்கு இதுதான். ஜெர்மனியின் எபர்ஸ்பேக்கர், வெபாஸ்டோ, பின்லாந்தின் வாலஸ், இவற்றோடு சீனத்திலிருந்து வரும் பெயர் மாறிக்கொண்டே இருக்கும் ஏராளமான பெட்டிகள்.

இது வேலை செய்யும் விதம் எளிது. டேங்கின் பக்கத்தில் இருக்கும் டோசிங் பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சொட்டு டீசலைத் தள்ளும். க்ளோ பிளக் செந்நிறமாகச் சூடாகி அதை ஆவியாக்கிப் பற்ற வைக்கும். தீ நிலைத்ததும் க்ளோ பிளக் அணைந்துவிடும். ஒரே மோட்டார் இரண்டு விசிறிகளைச் சுழற்றும், ஒன்று எரிவதற்கான காற்றை இழுக்க, மற்றது கேபின் காற்றை ஊத. பற்ற வைக்கும் இரண்டு மூன்று நிமிடம் எட்டிலிருந்து பத்து ஆம்பியர் வரை இழுக்கும். அதன்பின் ஒன்றிலிருந்து மூன்று ஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், ஒயர் பேச்சு வரும்போது தேவைப்படும்.

இப்போது கிலோவாட். 30 அடிப் படகின் கேபின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து சுமார் 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை ஃபைபர் கிளாஸ் சுவர் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 4 வாட் இழக்கும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 வேண்டுமென்றால் 40 பெருக்கல் 4 பெருக்கல் 15, அதாவது 2400 வாட். இது தோராயக் கணக்குதான், ஆனால் விடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும். 2 கிலோவாட் ஹீட்டர் இழுத்துப் பிடித்துத் தாங்கும். 4 கிலோவாட் நிம்மதியாகத் தாங்கும். 8 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சீனப் பெட்டிகளில் பெரும்பாலானவை 5 கிலோவாட் உடம்பில் ஒட்டிய வேறு ஸ்டிக்கர்தான்.

பெரிய ஹீட்டர் மெதுவாக எரிந்தால் கரி படியும், அதனால் சின்னதே நல்லது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. எபர்ஸ்பேக்கரின் ஏர்ட்ரானிக் டி2 அதிகபட்சம் 2.2 கிலோவாட், குறைந்தபட்சம் 0.85. டி4 அதிகபட்சம் 4, குறைந்தபட்சம் 0.9. கீழ் எல்லையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை பாருங்கள். வித்தியாசம் டக்டில் இருக்கிறது. சின்னதற்கு 60 மில்லிமீட்டர் குழாய் போதும். பெரியதற்கு 75 அல்லது 90 வேண்டும். பழைய படகில் லாக்கர்களின் பின்னால் 75 மில்லிமீட்டர் குழாயை முன் கேபின் வரை கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 4 கிலோவாட் ரகம் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை இரவு வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த படகுக்குள் நுழையும்போது அந்தக் கூடுதல் சக்தியின் அருமை தெரியும். இடமில்லையென்றால் 2 கிலோவாட் வாங்கி, சூடான காற்று வெளிவரும் இரண்டு வாய்களோடு திருப்தி அடையுங்கள். பெரிய ஹீட்டரைச் சின்னக் குழாயில் அடைத்தால் அது மூச்சுத் திணறி, அதிக வெப்பம் என்று தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

எரிபொருள் செலவு பற்றிக் கவலை வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. அதில் எண்பது விழுக்காடு அளவு கேபினுக்கு வந்தால், இரவு முழுக்க நடுத்தர வேகத்தில் ஓடினாலும் இரண்டு லிட்டர் சொச்சம்தான்.

சீன ஹீட்டர் வாங்கலாமா? நூறு இருநூறு டாலரில் கிடைக்கிறது, ஜெர்மன் பெட்டி ஆயிரத்தைத் தாண்டும். சீனப் பெட்டி எபர்ஸ்பேக்கரின் பழைய வடிவமைப்பை ஒட்டிச் செய்தது. சரியாகப் பொருத்தினால் வருடக்கணக்கில் ஓடும். உதிரிபாகமும் மலிவு. என் கருத்தில் பெட்டியை வாங்குங்கள், கூடவே வரும் பையில் உள்ளவற்றில் பாதியைக் குப்பையில் போடுங்கள். அந்தப் பை லாரிக்காகச் செய்தது. லாரியில் புகைக்குழாய் வண்டிக்கு அடியில், திறந்த வெளியில் இருக்கும். இணைப்பில் கொஞ்சம் கசிந்தாலும் காற்றோடு போகும். படகில் அதே குழாய் நீங்கள் தூங்கும் இடத்திலிருந்து ஒரு பலகைக்கு அந்தப் பக்கம், மூடிய லாக்கருக்குள் ஓடுகிறது. பையில் வரும் சைலன்சரைத் தண்ணீரில் அமுக்கி ஒரு முனையில் ஊதிப் பாருங்கள், மடித்த ஓரங்களிலிருந்து குமிழி வரும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டையே போட்டிருப்பார்கள். சுருள் சுருளாக வரும் மெல்லிய குழாயும் வாயு கசியாத ரகம் இல்லை. இவற்றைப் படகுக்குள் போடக் கூடாது, பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று, படகுக் காப்பீட்டு நிறுவனத்தைப் பணம் செலவழிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சிலர் சான்றிதழ் இல்லாத ஹீட்டரை ஏற்பதில்லை.

இனி முக்கியமான விஷயம். வேலையைத் தொடங்கும்போது ஹீட்டரை எங்கே வைப்பது என்று யோசிக்காதீர்கள். புகை படகை விட்டு எங்கே வெளியேறும் என்று யோசியுங்கள். அந்த ஓட்டையின் இடம் முடிவானால் மற்ற எல்லாமே தானாக முடிவாகும், ஏனென்றால் பல ஹீட்டர்களில் புகைக்குழாயின் நீளத்துக்கு இரண்டு மீட்டர் அளவில் வரம்பு உண்டு. நீளம் கூடினால் எதிரழுத்தம் கூடும், எரிவது கெடும், கரி படியும். உங்கள் பெட்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை.

பாய்மரப் படகில் நல்ல இடம் பெரும்பாலும் டிரான்ஸம், அதாவது பின்பலகை. அதுவும் மேல் விளிம்பை ஒட்டி, முடிந்த அளவு நடுவில். பக்கவாட்டில் போட்டால் படகு சாயும்போது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் போய்விடும். பின்பலகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நங்கூரத்தில் படகு காற்றை முகம் பார்த்தே நிற்கும். பின்னால் வெளியேறும் புகை படகை விட்டு விலகிப் போகும், காற்று குழாய்க்குள் எதிர்த்து ஊதித் தீயை அணைக்காது. ஆனால் மரீனாவில் படகு காற்றைப் பார்த்து நிற்பதில்லை. பின்னாலிருந்து காற்று வந்தால் புகை காக்பிட் எனும் பின்பக்கத் திறந்த இருக்கைப் பகுதியின் கூரைத் துணிக்குள் நுழைந்து கேபின் வாசல் வழியாக இறங்கும். அதனாலும்தான் மரீனாவில் மின் ஹீட்டர் போதும் என்றேன். பின்னால் ரப்பர் படகைத் தொங்கவிடுபவராக இருந்தால், அது புகைவாயில் உரசாத இடமாகப் பாருங்கள். வெளிவரும் வாயு பிவிசியை உருக்கும் சூட்டில் இருக்கும்.

ஓட்டையில் பொருத்தும் வாய் இரட்டைச் சுவர் கொண்ட துருப்பிடிக்காத எஃகு வகையாக இருக்க வேண்டும். உள் குழாய் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். வெளி வளையத்துக்கும் அதற்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால்தான் ஃபைபர் கிளாஸ் கருகாமல் தப்பிக்கிறது. ஒற்றைச் சுவர் வாய் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். துளை போட்டதும் ஓரத்தைப் பாருங்கள். ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருந்தால், அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து எபாக்ஸி நிரப்பி மூடிவிட்டுத்தான் வாயைப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் சில வருடங்களில் அந்தப் பகுதி ஊறி மெத்தென்று ஆகிவிடும்.

உள்ளே குழாய் ஹீட்டரிலிருந்து கிளம்பி நேராக வாய்க்குப் போகக் கூடாது. முதலில் மேலே ஏறி, டெக்கின் அடிப்பக்கம் வரை வளைந்து, பிறகு கீழிறங்கி வாயைச் சேர வேண்டும். வாயைவிட வளைவின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, 30 சென்டிமீட்டராவது பாருங்கள். பின்னால் வரும் அலை குழாய்க்குள் ஏறினாலும் அந்த வளைவைத் தாண்டாது. அந்த வளைவால் ஒரு தொல்லையும் வரும். டீசல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். அது குளிர்ந்து தண்ணீராகி ஹீட்டர் பக்கம் இருக்கும் தாழ்வான இடத்தில் தேங்கும். அந்த இடத்தில் வடிகால் வேண்டும், ஆனால் திறந்த ஓட்டையாக இல்லாமல், மூடித் திறக்கும் குமிழ் உள்ளதாக. திறந்த ஓட்டையென்றால் தண்ணீரோடு நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் லாக்கருக்குள் வரும்.

குழாய் முழுவதும் வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை உறை போடுங்கள். உறை போட்ட பிறகும் மரம், ஒயர், கயிறு, உயிர் காக்கும் கவசம் எதுவும் ஐந்து சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. காக்பிட் லாக்கர் என்பது எல்லோரும் எல்லாவற்றையும் தூக்கிப் போடும் இடம். இன்று நீங்கள் கவனமாக இருப்பீர்கள். அடுத்த கோடையில் விருந்தாளி ஒருவர் ஃபெண்டரை, அதாவது படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தையை, உள்ளே வீசுவார். அதனால் குழாயைச் சுற்றி ஓட்டைகள் உள்ள தகட்டால் ஒரு தடுப்புக் கூண்டு செய்யுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை.

லாக்கரைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்ல வேண்டும். ரப்பர் படகின் மோட்டாருக்கான பெட்ரோல் கேன் அதே லாக்கரில் இருக்கிறதா? இருந்தால் ஹீட்டர் அங்கே வரக் கூடாது, அல்லது கேன் வெளியேற வேண்டும். கேஸ் சிலிண்டருக்கும் அதே விதி. பெட்ரோல் ஆவி கனமானது, அடியில் தங்கும், அதன் பக்கத்திலேயே மோட்டாரும் செந்தணலான க்ளோ பிளக்கும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

எரிவதற்கான காற்றை லாக்கரிலிருந்தே எடுக்கலாம், லாக்கருக்கு வெளிக்காற்று வரும் வழி இருந்தால். கேபினுக்கு ஊதும் காற்றை மட்டும் லாக்கரிலிருந்து எடுக்காதீர்கள். என்ஜின் நாற்றமும், எங்காவது கசிந்த புகையும் நேராக உங்கள் படுக்கைக்கு வந்துவிடும். இரண்டு வழி இருக்கிறது. கேபினிலிருந்தே ஒரு டக்ட் போட்டுத் திரும்ப எடுத்தால் சூடு வேகமாக ஏறும், டீசல் மிச்சம். வெளியிலிருந்து எடுத்தால் டீசல் கொஞ்சம் கூடும், ஆனால் படகு உலரும். 5 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றில்கூடக் கன மீட்டருக்கு ஏழு கிராமுக்கும் குறைவாகத்தான் நீராவி இருக்கும். அதை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும். பசிபிக் வடமேற்கின் மழைக்கு நான் வெளிக்காற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன். முடிந்தால் ஒரு கிளை போட்டு, மூடித் திறக்கும் தகடு வைத்து, பற்ற வைக்கும்போது கேபின் காற்று, தூங்கும்போது வெளிக்காற்று என்று மாற்றிக்கொள்ளலாம். லாக்கருக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள பலகையில் ஒயர் போகும் ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிடுங்கள்.

டக்டில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வளைவுகள் குறைவாக, வளைவது பெரிய வட்டமாக. சூடான காற்று தானாகவே மேலே போகும், அதனால் வாய்களைத் தரை மட்டத்தில் வையுங்கள். ஒரு வாயாவது மூட முடியாததாக இருக்கட்டும். லாக்கர் வழியாகப் போகும் பகுதிக்குக் கட்டாயம் வெப்பக்காப்பு உறை. இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்துக் கயிறுகளைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். மழைக்கோட்டுத் தொங்கும் அலமாரிக்குச் சின்னக் கிளை ஒன்று விடுங்கள். காலையில் உலர்ந்த கோட்டை மாட்டும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

எரிபொருள். என்ஜினுக்குப் போகும் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு எடுப்பது சுலபமாகத் தெரியும். செய்யாதீர்கள். அந்த இணைப்பில் காற்று கசிந்தால் ஹீட்டர் மட்டுமல்ல, என்ஜினும் நிற்கும், அது நிற்கும் நேரம் கப்பல் தடத்தைக் கடக்கும் நேரமாகத்தான் இருக்கும். டேங்கின் மேல் தகட்டில் தனித் துளை போட்டு, தனி உறிஞ்சுக் குழாய் இறக்குங்கள். அதன் முனை என்ஜின் குழாயின் முனையைவிடச் சில சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். டீசல் தீர்ந்தால் குளிரில் நடுங்கலாம், வீடு திரும்ப என்ஜினுக்கு மிச்சம் இருக்கும். டேங்கிலேயே ஒரு மூடும் வால்வு.

பையில் வரும் பச்சை அல்லது வெள்ளை பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகும். படகுக்குள் செம்புக் குழாயும், இணைப்புகளில் தீத்தாங்கும் படகு ரக ஹோஸும் போடுங்கள். அமெரிக்காவில் ஏ1-15 என்றும், ஐரோப்பாவில் ஐஎஸ்ஓ 7840 என்றும் ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும். குழாயின் உள்விட்டம் சிறியதாகவே இருக்க வேண்டும், இரண்டு மில்லிமீட்டர் அளவில். பெரிய குழாயில் காற்றுக் குமிழி ஒரே இடத்தில் தங்கி, பிறகு ஒரேயடியாக வந்து தீயை அணைக்கும். பம்ப் இழுப்பதைவிட நன்றாகத் தள்ளும், எனவே டேங்குக்குப் பக்கத்தில் வையுங்கள், வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். அதற்கு முன்னால் சின்ன வடிகட்டி. பம்பை நேரடியாகப் பலகையில் திருகினால் இரவு முழுக்கச் சுவருக்குள் பல்லி கத்துவது போல டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையத்தில் தொங்கவிடுங்கள்.

ஒயர் விஷயத்தில்தான் பெரும்பாலான 'ஹீட்டர் கெட்டுப்போச்சு' புகார்கள் பிறக்கின்றன. பற்ற வைக்கும்போது பத்து ஆம்பியர் என்றேன். பேட்டரியிலிருந்து போகவரச் சேர்த்து எட்டு மீட்டர் ஒயர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்டுக்கு மேல் தொலையும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்டுக்குள் நிற்கும். அதிகாலையில் பேட்டரியே 12.1 வோல்டில் இருக்கும்போது அந்த அரை வோல்ட்தான் பற்றுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். வெள்ளீயம் பூசிய படகு ஒயர், முனைகளில் நன்றாக நசுக்கிப் பிடித்த இணைப்பு (கிரிம்ப்), பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். ஃபியூஸின் அளவு கையேட்டில் இருக்கும், 12 வோல்ட் ஏர்ட்ரானிக்குக்கு 20 ஆம்பியர்.

ஸ்விட்ச் பேனல் வழியாக மின்சாரம் கொடுக்காதீர்கள். அணைக்கும் பொத்தானை அழுத்தியதும் ஹீட்டர் உடனே நிற்காது. எரிபொருளை நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் சூடு இறங்கும் வரை சில நிமிடம் விசிறியை ஓட்டும். அந்த நேரத்தில் யாராவது பேனலில் எல்லாவற்றையும் அணைத்தால் சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டு விசிறி, வயர் எல்லாவற்றையும் வதக்கும். பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள், பழுது பார்க்கும்போது துண்டிக்கத் தனி ஸ்விட்ச் கைபடாத இடத்தில் இருக்கட்டும். இரவுக் கணக்கு பத்து மணி நேரத்துக்கு இருபது, இருபத்தைந்து ஆம்பியர் மணி. விளக்கையும் ஃபிரிட்ஜையும் சேர்த்துப் பேட்டரி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெப்பநிலை உணரி. பல ஹீட்டர்களில் அது பெட்டிக்குள்ளேயே, காற்று நுழையும் இடத்தில் இருக்கும். பெட்டி லாக்கரில், காற்று வெளியிலிருந்து என்றால் அது அளப்பது வெளியின் குளிரை. கேபினில் தனி உணரி வைக்க வழியுள்ள மாடலாகப் பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூட இதைப் போட்டுத் தூங்காதீர்கள். அமெரிக்காவில் யுஎல் 2034 முத்திரையும், படகில் பொருத்தலாம் என்ற குறிப்பும் உள்ளதாக வாங்குங்கள். இந்த வாயு காற்றின் எடையேதான், தரையில் தங்கவும் செய்யாது, கூரைக்கு ஏறவும் செய்யாது, கலந்துவிடும். அதனால் படுத்தால் தலை இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில், படுக்கும் இடங்களில் ஒவ்வொன்று. அதன் உணரிக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் காலாவதி வருடம் போட்டிருக்கும்.

முதல் ஓட்டத்தைப் பகலில், மரீனாவில், லாக்கர் மூடியைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். டீசல் வந்து சேரும் வரை இரண்டு மூன்று முறை பற்றாமல் பிழைக் குறியீடு காட்டும், பயப்பட ஒன்றுமில்லை. பற்றும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், அது எரியாத டீசல், சில நிமிடத்தில் நிற்க வேண்டும். நிலைத்த பிறகு புகை கண்ணுக்கே தெரியக் கூடாது. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முழு வேகத்தில் அரை மணி ஓடியதும் லாக்கரை மூடி, உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டரை வைத்துவிட்டு ஓடவிடுங்கள். அது பூஜ்யத்தில் நின்றால் இணைப்புகள் சரி. கொஞ்சம் அசைந்தாலும் அணைத்துவிட்டு, ஆறியதும் ஒவ்வொரு கிளாம்பாகக் கழற்றிப் பாருங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொடர்ந்து மெதுவாக ஓடியிருந்தால், அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள், படிந்த கரி எரிந்து போகும். கோடையிலும் மாதம் ஒரு முறை பற்ற வையுங்கள். உங்கள் கையேடு அனுமதித்தால், குளிர்காலத்தின் முடிவில் தனிக் கேனிலிருந்து ஒரு லிட்டர் மண்ணெண்ணெயை எரிப்பது உள்ளே நன்றாகச் சுத்தமாக்கும். கடலில் பாய் விரித்துப் போகும்போது புகைவாய்க்கு ஒரு மூடி போடுவார்கள் சிலர். நல்ல வழக்கம்தான், ஆனால் மூடி இருக்கும்போது யாரும் ஹீட்டரைப் போட்டுவிடாதபடி, அந்த மூடி புகைவாயில் இருக்கும் நேரமெல்லாம் கன்ட்ரோலர் மேல் ஒரு சிவப்பு நாடா தொங்கட்டும்.